படுத்திருக்கிற ஆளின்ர உயரம்

"பேர் இந்திரகுமார். வயசு இருபத்திமூண்டு. இருக்கிறது சன்ஷைனில, அக்கா வீட்டை."

ரெலிபோனைக் காதில வைச்ச உடனை அவன் சொன்னது இதுதான். மெல்பேர்ணில வந்து இறங்கின நாள் தொடக்கம், ஆர் எது கேட்டாலும் இந்த மூண்டையும் முதல்ல ஒப்புவிச்சுப்போட்டுத்தான் மற்றக் கதை. எயார்ப்போட்டில கேட்டாங்கள், வேலை தேடிப் போன இடங்களில கேட்டாங்கள், பிறகு கேளாத இடத்திலையும் தானாய் வரத் தொடங்கிட்டுது. பஸ்ஸில பக்கத்தில இருந்த கிழவிக்கும் சொன்னவன் எண்டு கமலினி அக்கா கண்டவை நிண்டவைக்கெல்லாம் சொல்லிச் சிரிப்பா.

ஆஸ்பத்திரியில இருந்து கதைச்ச நேர்ஸ் அவன் சொல்லி முடியுமட்டும் பொறுத்துக்கொண்டிருந்தா. பிறகு, பக்கத்தில ஆரும் இருக்கினமோ எண்டு கேட்டா. அவன் ஓம் எண்டான். பிறகு அவ சொன்னா. அத்தான் விடிய நித்திரையிலயே போயிட்டார், நோவொண்டும் தெரிஞ்சிராது எண்டு சொன்னா. அவன் "தாங்க்யூ" எண்டான். போனை வைக்கிறதுக்கு முதல் இன்னொருக்காலும் "தாங்க்யூ" எண்டான்.

குசினிக்குள்ள கஞ்சி கொதிக்கிற மணம். அக்கா போத்திலைச் சுடுதண்ணியில கழுவிக்கொண்டு நிக்கிறா. அத்தானுக்குக் கொண்டு போற கஞ்சி. ஆஸ்பத்திரிச் சாப்பாடு அவருக்கு வாயில வைக்க ஏலாது.

இந்திரகுமார் குசினிக்குள்ள போகேல்ல. பின்கதவால இறங்கி வளவுக்குப் போனான். அங்கை பழைய பிக்கப் நிண்டுது, முன்னுக்கு ரெண்டு பேர் இருக்கலாம், பின்னுக்குத் திறந்த தட்டு. இந்த ஊர்ச்சனம் யூட் எண்டு சொல்லும். அத்தான் சுகமாய் இருக்கேக்கை விறகும் மரக்கண்டும் ஏத்த வாங்கினது. இப்ப அந்தத் தட்டுக்கு மேல ஒரு மூடி ஏறி இருந்துது. தொழிற்சாலையில மெஷின் வந்து இறங்கிற பெரிய மரப்பெட்டியளை உடைச்சு எடுத்த சட்டம், சுத்திவர ஒட்டுப்பலகை, மேல தகரம். பூசினது பச்சைப் பெயின்ற். இன்னும் ஒரு துளைதான் மிச்சம்.

சடகோபன் தகரத்தை ஒரு பக்கம் பிடிச்சுக்கொண்டு நிண்டார். அத்தானோட அதே தொழிற்சாலையில, வயல் உழுகிற கமச் செய்கை மெஷினுகளுக்குப் படம் கீறுகிற மேசையில, பக்கத்துக் கதிரையில இருக்கிறவர். கும்பகோணத்துக்காரர்.

"சீக்கிரம் வாப்பா, கை ஓஞ்சுபோச்சு. யாரு போன்ல?"

இந்திரகுமார் டிரில்லை எடுத்தான். துளை போட்டான். திருகாணியை விட்டு முறுக்குச்சாவியால முறுக்கத் தொடங்கினான்.

"உங்க அத்தான் இதைப் பாத்தார்னா என்ன சொல்வார் தெரியுமா?" சடகோபன் குனிஞ்சு விளிம்பைப் பாத்தார். "நான் ஒரு கோடு ரெண்டு நூல் கோணலா போட்டதுக்கே பென்சிலைப் பிடுங்கிக்கிட்டவர். இந்த மூலையைப் பாத்தா மனுஷன் எழுந்து ஓடிவந்து அடிப்பார்."

இந்திரகுமார் முறுக்கிக்கொண்டே இருந்தான். முறுக்க இனி இடமில்லை. மரம் நெரிஞ்சு சத்தம் போட்டுது.

"போதும்ப்பா, மரம் பிளந்துடும்."

அவன் நிப்பாட்டேல்ல. சடகோபன் தகரத்தில இருந்து கையை எடுத்தார். அவன்ர முகத்தைப் பாத்தார். பிறகு மெதுவாய் அவன்ர கையில இருந்த சாவியை வாங்கித் தட்டில வைச்சார்.

ரெண்டு கிழமையாய் நடந்த வேலை இது. அத்தானுக்கு முள்ளந்தண்டில வந்த வருத்தம், இனி ஒண்டும் செய்ய ஏலாது எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். அத்தான் கேட்டது ஒண்டே ஒண்டுதான்: "என்னை வீட்டை கொண்டு போங்கோ." அக்கா ஒவ்வொரு நாளும் கட்டிலடியில நிண்டு, "ஓம், வாற சனிக்கிழமை," எண்டு சொல்லுவா. ஆஸ்பத்திரி விடுறதாயில்லை. கொண்டு போறதெண்டால் கையெழுத்து வைச்சுப்போட்டு நீங்களே உங்கட பாட்டில கொண்டு போங்கோ, அம்புலன்ஸ் தரமாட்டம் எண்டிட்டினம். காரில இருத்தேலாது, இடுப்பு நாரி நிமிராது. இஞ்சை யூன் மாதம்தான் மாரி, மழையும் குளிரும். அப்பதான் இந்திரகுமார், பிக்கப்புக்கு மூடி அடிச்சு, உள்ளுக்கு மெத்தை போட்டு, படுத்தபடியே கொண்டு வாறன் எண்டு சொன்னான். பயந்த பெடியன் வாயால வந்த முதல் துணிச்சல் அதுதான். அத்தானுக்கே சிரிப்பு வந்திட்டுது.

அளவுநாடாவைக் கொண்டு போய்க் கட்டிலில வைச்சே அளந்தான். தலையில இருந்து கால் மட்டும், ஒரு தோளில இருந்து மற்றத் தோள் மட்டும், மெத்தையில இருந்து நெஞ்சு மட்டும்.

"தையல்காரன் மாதிரி அளக்கிறாய். சட்டை எப்ப வரும்?"

"சனிக்கிழமை அத்தான்."

"என்ன நிறம்?"

"பச்சை. தொழிற்சாலையில மிஞ்சின பெயின்ற்."

"மெஷினுக்குப் பூசிற பச்சையோ? ஐயோ, றோட்டில போறவன் உள்ளுக்கு உழவுமெஷின் போகுது எண்டு நினைக்கப்போறான்."

மூடியின்ர உயரத்தில மட்டும் சடகோபனோட ஒரு சின்னப் பிரச்சினை வந்தது. சட்டம் அறுக்கிற அண்டைக்கு அவர் நாடாவைப் பிடிச்சுக்கொண்டு, "கொஞ்சம் உயரமா வச்சா என்ன குமார்?" எண்டார்.

"ஏன் சேர்? உயரம் வைச்சால் காத்துப் பிடிக்கும். அத்தானுக்குக் குளிரும்."

"இல்ல... நாளைக்கு வேற ஏதாவது ஏத்தணும்னா உதவுமேன்னு..."

"வேறை என்னத்தை ஏத்திறது?"

சடகோபன் நாடாவைச் சுருட்டத் தொடங்கினார்.

"அத்தான் எழும்பி இருக்கமாட்டார் சேர். படுத்துக்கொண்டுதான் வருவார். படுத்திருக்கிற ஆளுக்கு இது காணும்." அவன்ர குரல் கொஞ்சம் உயந்திட்டுது. பிறகு வாளை எடுத்து, தான் சொன்ன அளவிலயே அறுத்தான்.

"ஆர் போனில?"

அக்கா இப்ப பின்கதவில நிண்டா. கஞ்சிப் போத்திலைத் துவாயால சுத்தி நெஞ்சோட பிடிச்சிருந்தா. இந்திரகுமார் டிரில்லைத் தட்டில வைச்சான். சடகோபன் தலையைக் குனிஞ்சார். அக்கா ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்தா, பிறகு பச்சை மூடியைப் பாத்தா. படியில இருந்தா. போத்திலைப் பக்கத்தில நிமித்தி வைச்சா, விழாமல் இருக்குதோ எண்டு ஒருக்கால் ஆட்டியும் பாத்தா.

போத்திலில இருந்து கையை எடுக்காமலே அக்கா சொன்னா.

"வீட்டை கொண்டு வாங்கோ."

"அக்கா..."

"நான் அந்தாளுக்குச் சொன்னனான், தம்பி. சனிக்கிழமை வீட்டை எண்டு. நாளைக்குச் சனிக்கிழமை."

அவ கேட்டதில புதுமை ஒண்டுமில்லை. ஊரில எண்டால் ஆஸ்பத்திரியில செத்தாலும் பிரேதம் வீட்டுக்கு வரும். விறாந்தையில கிடத்தி, குத்துவிளக்கு வைச்சு, குளிப்பாட்டி, பெண்டுகள் வாய்க்கரிசி போடுவினம். பிறகு ஆம்பிளையள் தூக்கிக்கொண்டு போவினம். பெண்டுகள் சுடலைக்குப் போறேல்ல. வாசல் படலையோட நிண்டிடுவினம். வீட்டுக்கு வராட்டில் அக்காவுக்கு முகமும் இல்லை, அரிசியும் இல்லை, ஒண்டும் இல்லை.

பின்னேரம் இந்திரகுமார் செத்தவீடு செய்து குடுக்கிற கொம்பனிக்குப் போன் எடுத்தான். பேர், வயசு, இருக்கிற இடம் எல்லாம் சொன்னான். அந்த மனுசன் ஆறுதலாய்க் கதைச்சான். எரிக்கிற இடத்தில திங்கட்கிழமை காலமைதான் நேரம் கிடைச்சிருக்கு, ஆஸ்பத்திரியில இருந்து எடுத்து, அதுமட்டும் தங்களிட்டத்தான் வைச்சிருப்பம் எண்டான். வீட்டுக்குக் கொண்டு வாற வழக்கம் தங்களிட்ட இல்லை, பாக்கிறவை இஞ்ச வந்து பாக்கலாம் எண்டான். இந்திரகுமார் திரும்பத் திரும்பக் கேட்டான். கடைசியில அவன், சரி, சொந்த வாகனத்தில நீங்களே கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டு வாறதெண்டால் விடுறன், ஆனால் வாகனம் நாலு பக்கமும் அடைச்சு மூடினதாய் இருக்க வேணும், றோட்டில போற சனத்துக்குப் பெட்டி தெரியக்கூடாது, அது எங்கட ஒழுங்கு எண்டான். சனிக்கிழமை மத்தியானத்தோட பூட்டிடுவம், அதுக்கு முதல் வரவேணும்.

"மூடி இருக்கு," எண்டான் இந்திரகுமார். "நானே செய்தது. நாலு பக்கமும் அடைச்சது."

ரெண்டு கிழமைக்குப் பிறகு அவன்ர நெஞ்சில ஒரு மூச்சு முழுசாய் இறங்கினது அப்பதான். பெட்டி எண்ட சொல்லையும் அவன் கேட்டவன்தான். கேட்டும் மனசுக்குள்ள வந்து கிடந்தது பெட்டி இல்லை, அத்தான்தான். ஊரில அவன் கண்ட செத்தவீடுகளில ஆள் பாடையில மல்லாந்து படுத்தபடி, முகம் வெளியில தெரியத் தெரியத்தான் போகும். அத்தானும் அவனுக்கு அப்பிடித்தான் படுத்திருந்தார், அளந்த உயரத்தில.

சனிக்கிழமை காலமையே வீட்டில ஆக்கள். இந்த நகரத்தில தமிழ்க் குடும்பம் எண்டு எண்ணிப் பாத்தால் எத்தினை? இருந்தும் நகரத்தின்ர மற்றக் கோடியில, டான்டினோங்கில இருந்து ஒரு டொக்டர் பெண்சாதியோட வந்தார். இன்னும் ரெண்டு குடும்பம். கதிரையளை வெளியில எடுத்து, கம்பளத்தைச் சுருட்டி, தரையைக் கழுவி, வெள்ளை விரிச்சாச்சு. தலை வைக்கத் தெற்கு எது எண்டு அக்கா, இஞ்சை வடக்கால போற சூரியனை ஜன்னலால பாத்துக் குழம்பினா. சடகோபன்தான் திசை பாத்துச் சொன்னார். தட்டத்தில அரிசி, தேங்காய்ப்பூ. அக்கா புறப்படேக்கை பிக்கப்புக்குக் கிட்ட வந்து, "மெத்தையில புது விரிப்புப் போட்டனியோ?" எண்டு கேட்டா.

"ஓம் அக்கா."

"மெதுவாய் ஓட்டு. அவருக்கு நாரி." சொல்லிப்போட்டு வாயைப் பொத்தினா.

மழை பெய்யேல்ல, ஆனால் வழியில மூட்டம் கட்டிட்டுது. கொம்பனியின்ர பின்பக்க ஒழுங்கையில பிக்கப்பைப் பின்னால எடுத்து விட்டான். கறுப்புக் கோட்டுப் போட்ட அந்த மனுசனும் இன்னொருத்தனும் சில்லு வைச்ச மேசையில பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தினம். பளபளப்பான மரம், பக்கத்தில கைபிடியள், மேல மூடி கூனல் மாதிரி வளைஞ்சு நிண்டுது.

இந்திரகுமார் பெட்டியைப் பாத்தான். பின்கதவால தெரிஞ்ச இடைவெளியைப் பாத்தான். பாத்த உடனயே விளங்கிட்டுது. ஆனாலும், "தள்ளுங்கோ," எண்டான்.

தள்ளினாங்கள். பெட்டியின்ர மூடி தகரத்து விளிம்பில முட்டி நிண்டுது.

மெத்தையை இழுத்து வெளியில போட்டான். புது விரிப்பு ஒழுங்கைச் சேத்துக்குள்ள விழுந்துது. திரும்பத் தள்ளினாங்கள். இப்பவும் நாலு விரல் உயரம் காணாது.

"பெட்டி மூடியைக் கழட்டிப்போட்டு வைக்கலாம்தானே?"

"ஏலாது தம்பி. இஞ்சை இருந்து வெளிக்கிடேக்கை பூட்டித்தான் வெளிக்கிட வேணும்."

"அப்ப பெட்டி வேண்டாம். ஆளை மட்டும் தாங்கோ. நான் அளந்தனான், ஆள் கொள்ளும். வடிவாய்க் கொள்ளும்."

அந்த மனுசன் அவனை ஒரு மாதிரிப் பாத்தான். கோவமில்லை. கோவிச்சிருந்தாலாவது சண்டை பிடிச்சிருக்கலாம்.

சடகோபன் கோட்டைக் கழட்டிக் கையை மடிச்சார். ரெண்டு பேருமாய்ச் சாவியைப் போட்டு ஆணியெல்லாத்தையும் கழட்டிச்சினம். முதல்நாள் நெரிய நெரிய முறுக்கினது அசைய மாட்டனெண்டு நிண்டுது. மூடியை அப்பிடியே தூக்கி, நாலு மூலைக்கும் ஒழுங்கையில கிடந்த செங்கல்லை முட்டுக் குடுத்தினம். இப்ப பெட்டி உள்ளுக்குப் போகும். ஆனால் சுத்திவர ஒரு நீட்டு வெளி. இந்திரகுமார் குளிருக்குப் போட்டிருந்த தன்ர ஜம்பரைக் கழட்டி அதுக்குள்ள அடைச்சான். மெத்தை விரிப்பைக் கிழிச்சு அடைச்சான். சடகோபன் தன்ர கோட்டைக் குடுத்தார். அது ஒரு பக்கத்துக்குக் கூடக் காணேல்ல.

கறுப்புக் கோட்டுக்காரன் குனிஞ்சு பாத்தான். ஒரு செங்கல்லைக் கையால தொட்டான். அது ஆடிச்சுது.

"முதலாம் சந்தியிலயே இது விழும்," எண்டான். "என்ர மனுசியா இருந்தாலும் நான் இதில ஏத்தமாட்டன்."

"நாளைக்கு வாறன். இண்டைக்கே போய் உயத்திக்கொண்டு வாறன்."

"நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, இஞ்சை ஆரும் இல்லை. திங்கட்கிழமை காலமை நாங்கள் நேரே எரிக்கிற இடத்துக்குப் போறம். அக்காவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. நான் இண்டைக்கு அவவுக்காக நேரம் பிந்திப் பூட்டுறன்."

சில்லு மேசை திரும்பி உள்ளுக்குப் போச்சுது. இந்திரகுமார் சேத்துக்குள்ள கிடந்த மெத்தையை உதறி ஏத்தினான். சடகோபன் மூடியைத் திரும்ப இறக்கி, ஒவ்வொரு ஆணியாய்ப் போட்டுப் பூட்டினார். உயரத்தைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லேல்ல. சொல்லியிருந்தால் இந்திரகுமாருக்குக் கொஞ்சம் இலேசாய் இருந்திருக்கும்.

பிக்கப் வீட்டு வாசலில நிண்ட உடனை ஆக்கள் எல்லாரும் எழும்பிச்சினம். டொக்டரும் மற்ற ஆம்பிளையளும் தூக்கிறதுக்கெண்டு சால்வையை இடுப்பில கட்டிக்கொண்டு இறங்கி வந்தினம். உள்ளுக்கு ஒரு மனுசி ஒப்பாரியைத் தொடங்கிட்டா. இந்திரகுமார் இறங்காமல் இருந்தான். சடகோபன் இறங்கி, கையைக் காட்டி, டொக்டரைத் தடுத்தார்.

அக்கா வந்தா. பின்கதவை அவவே இறக்கினா. உள்ளுக்குக் குனிஞ்சு பாத்தா.

"எங்கை?"

"பெட்டி கொள்ளேல்ல அக்கா." அவன் இறங்கி வந்து தலையைக் குனிஞ்சுகொண்டு நிண்டான். "பெட்டி உயரம். நாலு விரல்."

"நீ அளந்தனீதானே?"

"அத்தானை அளந்தனான்."

ஒப்பாரி நிண்டிட்டுது.

"வாங்கோ அக்கா. அவங்கள் பூட்டாமல் வைச்சிருக்கிறாங்கள். முகத்தை ஒருக்கால் பாத்திட்டு வருவம். கெஞ்சிக் கேக்கிறன்."

"கமலினி, போயிட்டு வந்துடலாம்மா," எண்டார் சடகோபன். "இங்க யாரு நம்மளைக் கேக்கப் போறா?"

"ஆரும் கேக்கமாட்டினம் அண்ணா. எனக்குத் தெரியும்." அக்காவின்ர குரலில அழுகையே இல்லை. "வீட்டை பாப்பம் எண்டு சொன்னனான். வேறை எங்கையும் நான் அவரைப் பாக்கமாட்டன்."

சொல்லிப்போட்டு, அவ பிக்கப்பின்ர தட்டில கையை ஊண்டி ஏறினா. சீலை ஆணியில மாட்டிக் கிழிஞ்சுது. அவ கவனிக்கேல்ல. குனிஞ்சு மூடிக்குக் கீழ போய், சேறு பட்ட மெத்தையில மல்லாந்து படுத்தா. ஆம்பிளையள் மற்றப் பக்கம் திரும்பிச்சினம். டொக்டரின்ர பெண்சாதி கிட்டப் போகப் பாத்தா. சடகோபன் வேண்டாமெண்டு தலையை ஆட்டினார்.

இந்திரகுமாருக்கு அக்காவின்ர பாதம் ரெண்டும் மட்டும்தான் தெரிஞ்சுது. உள்ளுக்கிருந்து தகரத்தை விரலால தட்டிற சத்தம் கேட்டுது. பிறகு அதுவும் இல்லை.

"நல்லாய்த்தான் கொள்ளுது," எண்டா அக்கா உள்ளுக்கிருந்து.

திங்கட்கிழமை அவனும் சடகோபனும் இன்னும் மூண்டு பேரும் எரிக்கிற இடத்துக்குப் போச்சினம். அக்கா வாய்க்கரிசியைக் கைலேஞ்சியில முடிஞ்சு குடுத்துவிட்டவ. அங்கை பெட்டி பூட்டி, ஆணியும் அடிச்சுக் கிடந்துது. திறக்கேலாது எண்டினம். இந்திரகுமார் தெரிஞ்ச சாமிப்பாட்டு ஒண்டைத் தொடங்கினான், ரெண்டாம் வரி வரேல்ல. சடகோபன் தன்ர முறையில ஏதோ சொன்னார். திரை மூடிச்சுது. அரிசியை எங்கை போடுறதெண்டு தெரியாமல், லேஞ்சியை அப்பிடியே பெட்டி போன வாசலடியில வைச்சான். துப்புரவு செய்யிற மனுசன் வந்து, "இதை விட்டிட்டுப் போறாய்," எண்டு எடுத்துக் குடுத்தான்.

அந்தக் கிழமை முழுக்க மழை. பிக்கப்புக்குள்ள ஒரு சொட்டு ஒழுகேல்ல. வெள்ளிக்கிழமை மழை விட்ட பிறகு இந்திரகுமார் ஆணிகளைக் கழட்டினான். மூடியைத் தனியத் தூக்கேலாமல் ஒரு பக்கத்தைப் பிடிச்சுக்கொண்டு நிண்டான். சனிக்கிழமைக்குப் பிறகு அவனோட ஒரு சொல்லும் கதையாத அக்கா, குசினியில இருந்து கையைத் துடைச்சுக்கொண்டு வந்து மற்றப் பக்கத்தைப் பிடிச்சா. ரெண்டு பேருமாய் வாசலுக்குக் கொண்டு போய், றோட்டுக்கரைப் புல்லில இறக்கி வைச்சினம். இந்த ஊரில வேண்டாத சாமானை அங்கைதான் வைக்கிறது, தேவையான ஆக்கள் எடுத்துக்கொண்டு போவினம். அக்கா திரும்பிப் பாராமல் உள்ளுக்குப் போயிட்டா.

அவன் ஒரு காட்போட் மட்டையைக் கிழிச்சு, மிஞ்சின பச்சைப் பெயின்றால, இஞ்சை இருக்கிற சனத்துக்கு விளங்க இங்கிலிஷில எழுதி, மழை பிடியாத பக்கமாய்ப் பாத்துக் கட்டிவிட்டான்.

"நல்ல மூடி. ஒழுகாது. ஆரும் எடுத்துக்கொண்டு போகலாம். தூக்க ரெண்டு பேர் வேணும். தயவுசெய்து இன்னொராளையும் கூட்டிக்கொண்டு வாங்கோ."